தராசு, கோலப்பொடி, ஸ்ட்ரா: கணக்கு டீச்சர்களோட கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுக்கறவங்க கேள்விதான். அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும் வகுப்புல கையால செஞ்சு பாக்கற மாதிரி எப்படி நடத்தறதுன்னு கேட்டிருக்காங்க. ஒரே ஒரு வேண்டுகோள். கேள்வி அனுப்பும்போது எத்தனை பசங்க, என்ன செஞ்சீங்க, என்ன எண் வந்துச்சு, இந்த மூணையும் எழுதுங்க. "ஆக்டிவிட்டி சரியா வரல சார்"னு மட்டும் எழுதினா நான் என்னத்த சொல்றது?

இயற்கணித அட்டை கடையில பிளாஸ்டிக்ல விக்கறாங்க, 50 பசங்களுக்கு வாங்க முடியல. அட்டையில வெட்டலாமா? என்ன அளவு?

தாராளமா வெட்டலாம். பழைய கல்யாணப் பத்திரிகை போதும், நல்லா கெட்டியா இருக்கும். நாலு பேருக்கு ஒரு செட்டுன்னா 13 செட் வரும். ஒரு செட்டுல எக்ஸ் ஸ்கொயர் அட்டை (பக்கம் எக்ஸ் இருக்கற பெரிய சதுரம்) ரெண்டு, எக்ஸ் அட்டை (நீளம் எக்ஸ், அகலம் ஒண்ணு) எட்டு, ஒண்ணுக்கான சின்ன சதுரம் ஒரு டஜன் இருந்தா பத்தாம் வகுப்பு காரணிப்படுத்தல் பெரும்பாலும் ஓடிடும்.

அளவுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ஒண்ணுக்கான சதுரம் 2 சென்டிமீட்டர், எக்ஸ் அட்டை நீளம் 8 சென்டிமீட்டர்னு வெட்டிடுவாங்க. பசங்க உடனே நாலு சதுரத்தை பக்கத்துல அடுக்கிப் பாத்து "எக்ஸ்னா 4 சார்"னு சொல்லிடுவான், அதோட எக்ஸ் செத்துப்போச்சு. அதனால 7.3ன்னு ஏதாவது ஒரு கோணல் அளவு வைங்க, முழுசா அடங்கவே கூடாது.

எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 5எக்ஸ் பிளஸ் 6ஐ குடுத்து ஒரு செவ்வகமா அடுக்கச் சொல்லுங்க, ஓட்டை இருக்கக்கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. அடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் என்னவா வரும்னு நோட்டுல ஊகம் எழுதணும். இதை நான் எப்பவும் சொல்றதுதான், முதல்ல ஊகம், அப்புறம் கை. ஊகம் எழுதாம அடுக்க விட்டா அது வெறும் விளையாட்டுச் சாமான்.

மைனஸ் வர்றதை, அதாவது எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் 6 மாதிரி கணக்கை, முதல் நாளே தொடாதீங்க. அதுல இல்லாத அட்டைய பிளஸ்ஸும் மைனஸுமா ஜோடி போட்டு உள்ள கொண்டு வரணும், அப்பதான் செவ்வகம் ரொம்பும். அந்த "பூஜ்ஜிய ஜோடி" பசங்களுக்கு மனசுல உக்கார தனியா ஒரு பீரியட் வேணும்.

எத்தனை தடவை சொன்னாலும் ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயருக்கு ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்னே எழுதறாங்க.

சொல்றதை நிறுத்திட்டு வெட்டச் சொல்லுங்க. 10 சென்டிமீட்டர் சதுரப் பேப்பர், பக்கத்தை 7, 3ன்னு பிரிச்சு கோடு போட்டு நாலு துண்டா வெட்டணும். 49ம் 9ம் சேர்ந்தா 58தான், பேப்பரோ 100. மீதி 42 எங்கன்னு கேட்டா கையில மிச்சம் இருக்கற ரெண்டு செவ்வகத்தை அவனே தூக்கிக் காட்டுவான், ஒவ்வொண்ணும் 21.

"எக்ஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும், பெருக்கல் போனா வகுத்தல் ஆகும்"னு ஒரு பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்திருக்கேன் சார். இதை ஒரு கேம் ஆக்க ஐடியா குடுங்க.

தயவு செஞ்சு வேண்டாம் டீச்சர். இந்த ஒரு வாக்கியத்தால எத்தனை பிள்ளைங்களோட மார்க் போயிருக்குன்னு நான் முப்பது வருஷமா பேப்பர் திருத்திப் பாத்திருக்கேன்.

எதுவும் எந்தப் பக்கமும் போகல. ரெண்டு பக்கமும் ஒரே வேலைய செய்யறோம், அவ்வளவுதான். இதைச் சொல்லாம "போகுது, மாறுது"ன்னு சொன்னா என்ன ஆகுதுன்னு பாருங்க. 3எக்ஸ் ஈக்குவல் டு 12ன்னு குடுத்தா ஒருத்தன் 12ல இருந்து 3ஐ கழிச்சு 9னு எழுதறான், இன்னொருத்தி வகுக்கறா, ஆனா "அந்தப் பக்கம் போனா மைனஸ்"னு மனசுல இருக்கறதால மைனஸ் 4னு எழுதறா. ரெண்டு பேரும் சோம்பேறி இல்ல, நாம சொன்னதைத்தான் செஞ்சாங்க.

இது எட்டாம் வகுப்போட முடியறதில்லைங்கறதுதான் எனக்கு ஆத்தாமை. பத்தாவதுல உயரம் தூரம் கணக்கு வருது, டேன் 30 ஈக்குவல் டு எச் பை 20. இங்க 20 "போகணும்", எங்க போகும், எப்படி மாறும்னு தெரியாம முழிக்கிறான். சைன் தீட்டா ஈக்குவல் டு அரைன்னு வந்தா சைனையே ஒரு எண்ணுன்னு நினைச்சு அந்தப் பக்கம் அனுப்பி அரையை சைனால வகுக்கறான். இப்படி எழுதின பேப்பரை நான் ஒண்ணு ரெண்டு இல்ல, கட்டுக் கட்டா பாத்திருக்கேன். சைன் ஒரு எண் இல்ல, கோணத்தை வாங்கிட்டு ஒரு விகிதத்தை குடுக்கற வேலை, அதை தனியா பிச்சு எடுக்க முடியாதுங்கறது அவனுக்கு யாரும் சொல்லல, ஏன்னா நாம "தூக்கிப் போடு"ன்னு பழக்கி வச்சிருக்கோம்.

கேம்தான் வேணும்னா தராசு வைங்க. காய்கறிக்கடை கைத்தராசு கிடைச்சா நல்லது, இல்லன்னா ஒரு சட்டை ஹேங்கர்ல ரெண்டு கொட்டாங்குச்சிய கயிறு கட்டித் தொங்க விடுங்க. மூணு தீப்பெட்டியில ஒவ்வொண்ணுலயும் நாலு ஒரு ரூபாய் காசு, மேல கொஞ்சம் பஞ்சு வச்சு மூடிடுங்க, குலுக்கிப் பாத்து கண்டுபிடிக்கக் கூடாது. இடது தட்டுல மூணு பெட்டி, வெளிய ரெண்டு காசு, வலது தட்டுல 14 காசு. இது 3எக்ஸ் பிளஸ் 2 ஈக்குவல் டு 14. தட்டு சமமா இருக்கணும், ஒவ்வொரு அடியிலயும் சமம் கெடாம எடுக்கணும், கடைசியில ஒரு பெட்டி தனியா நிக்கணும், அதான் ரூல்.

ரெண்டு இடத்துல சொதப்பும். ஒண்ணு, பெட்டிக்கும் எடை இருக்கு, அதனால வலது தட்டுலயும் பஞ்சு வச்ச மூணு காலிப் பெட்டி போடணும், பெட்டி எடுக்கும்போது காலிப் பெட்டியும் கூடவே எடுக்கணும். ரெண்டு, பழைய ஒரு ரூபாயும் புது ஒரு ரூபாயும் எடை வேற, ஒரே மாதிரி காசா பொறுக்கி எடுங்க. வகுப்புல போய் தட்டு சாய்ஞ்சு நின்னா பசங்க கணக்கையே நம்ப மாட்டாங்க, அதனால வீட்டுல ஒருதடவை செஞ்சு பாத்துட்டுப் போங்க. இதையும் நான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் செய்யாம போய் மாட்டிக்கிறாங்க.

அடுத்து ரெண்டு பக்கமும் பெட்டி வைங்க, 3எக்ஸ் பிளஸ் 2 ஈக்குவல் டு எக்ஸ் பிளஸ் 10. ரெண்டு தட்டுலயும் ஒவ்வொரு பெட்டி எடுக்கலாம்னு ஒரு பொண்ணு சொல்லும்போது அந்த முகத்தைப் பாருங்க. மைனஸ் எண்ணை தராசுல காட்ட முடியாது, அது உண்மைதான், அந்த இடத்துல தராசை ஓரமா வச்சுட்டு "ரெண்டு பக்கமும் ஒரே வேலை"ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துட்டுப் போங்க. அந்தப் பாட்டை மறந்துடுங்க.

கால்குலேட்டர்ல சைன் 30க்கு மைனஸ் 0.988 வருது, ரிப்பேரா?

ரேடியன் (கோணத்தை அளக்கற இன்னொரு அலகு) மோடுல இருக்கு, டிகிரிக்கு மாத்துங்க.

ஸ்ட்ரா வச்சு கிளினோமீட்டர் (அண்ணாந்து பாக்கற கோணத்தை அளக்கற கருவி) செஞ்சு கொடிக்கம்பத்தை அளந்தோம். ஒரு குரூப்புக்கு 8 மீட்டர், இன்னொரு குரூப்புக்கு 11. எது சரி?

எவ்வளவு தூரத்துல நின்னாங்க, என்ன கோணம் வந்துச்சுன்னு எழுதவே இல்ல சார், அப்புறம் எது சரின்னு நான் எப்படி சொல்வேன்? வழக்கமா நடக்கற தப்புகளை சொல்றேன், உங்களோடது இதுல எதுன்னு நீங்களே பாருங்க.

பாகைமானியோட நேர் விளிம்புல ஸ்ட்ராவை ஒட்டியிருந்தா, நேரா பாக்கும்போது பாகைமானி நடுவுல இருந்து தொங்கற நூல் 90ல நிக்கும். மேல தூக்கும்போது 60ன்னு காட்டினா ஏற்றக்கோணம் 30, அறுபது இல்ல. அப்புறம் கண்ணோட உயரம். பையன் கண்ணுல இருந்துதான் பாக்கறான், தரையில இருந்து இல்ல, ஒண்ணரை மீட்டரை கடைசியில கூட்டணும். அப்புறம் கம்பத்துக்குக் கீழ மேடை இருந்தா தூரத்தை மேடை ஓரத்துல இருந்து அளந்திருப்பாங்க, கம்பத்தோட அடியில இருந்து அளக்கணும்.

நிக்கற இடமும் முக்கியம். கோணம் 45 கிட்ட வர்ற மாதிரி நின்னா ஒரு டிகிரி தப்பா படிச்சாலும் உயரம் நூத்துக்கு மூணு நாலுதான் தப்பும். கிட்ட போய் 80 டிகிரியில அண்ணாந்து பாத்தா அதே ஒரு டிகிரி நூத்துக்கு பத்து தப்பைக் கொண்டு வந்துடும். 9 மீட்டர் கம்பம்னு தோணினா ஏழு, எட்டு மீட்டர் தள்ளி நில்லுங்க. நூல்ல ஒரு கனமான நட்டு கட்டுங்க, ஒருத்தர் பாக்கணும், ஒருத்தர் நூலை அப்படியே அமுக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் படிக்கணும். தனியா ஒருத்தனே எல்லாத்தையும் செஞ்சா காத்துல ஆடற நூல்ல என்ன படிப்பான்? அளக்கறதுக்கு முன்னாடி உயரத்தை எல்லாரும் நோட்டுல ஊகம் எழுதணும். முடிஞ்சதும் மீட்டர் ஸ்கேலோட நிழலையும் கம்பத்தோட நிழலையும் அளந்து வடிவொத்த முக்கோணத்துல சரி பாருங்க. சூரியன் இருக்கற பக்கமா ஸ்ட்ராவைத் திருப்பவே கூடாது, இதை பசங்களை ஒருதடவை திருப்பிச் சொல்ல வச்சுட்டு வெளிய கூட்டிட்டுப் போங்க.

ரெடிமேடா 20 ஆக்டிவிட்டி பிடிஎஃப் அனுப்புங்க, இன்ஸ்பெக்ஷன் வருது.

அனுப்ப மாட்டேன். ஒரே ஒரு ஆக்டிவிட்டிய உருப்படியா செய்யுங்க, நோட்டுல பசங்க எழுதின ஊகமே சாட்சி.

சைன், காஸ் அட்டவணைய கை விரல் வச்சு ஞாபகம் வைக்கற ட்ரிக் ஆக்டிவிட்டில சேருமா?

சேராது. ஞாபகம் வைக்க உதவும், தப்பில்ல, ஆனா கடைசியில குடுங்க. முதல்ல கிராஃப் ஷீட்ல 10 சென்டிமீட்டர் ஆரத்துல கால் வட்டம் வரையச் சொல்லுங்க. 30, 45, 60ல கோடு போட்டு வட்டத்தைத் தொடற இடத்துல இருந்து கீழ செங்குத்தா இறங்கற உயரத்தை அளக்கணும். 5, கிட்டத்தட்ட 7, கிட்டத்தட்ட 8.7 வரும், பத்தால வகுத்தா சைன். அளக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, 30க்கு 5ன்னா 60க்கு எவ்வளவு? வகுப்பே 10னு சொல்லும். அளந்து 8.7 வரும்போது கோணம் இரட்டிச்சா சைன் இரட்டிக்காதுன்னு யாரும் சொல்லத் தேவையில்ல. அதே ஷீட்ல அடிப்பக்கத்தையும் அளந்து ரெண்டையும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டினா 100 கிட்ட வரும், 99ஓ 101ஓ. சைன் ஸ்கொயர் பிளஸ் காஸ் ஸ்கொயர் ஈக்குவல் டு 1ங்கற முற்றொருமை பாடத்துக்கு அந்த ஷீட்டை பத்திரமா வைக்கச் சொல்லுங்க.

பத்தாவதுல 8 மார்க் கிராஃப் கேள்வி பசங்களுக்கு மெக்கானிக்கலா இருக்கு. உயிரோட நடத்த ஏதாவது?

மைதானத்துல கோலப்பொடியில ரெண்டு அச்சு போடுங்க, ஒரு யூனிட் ஒரு அடி. ஏழு பேருக்கு மைனஸ் 3ல இருந்து 3 வரைக்கும் எக்ஸ் மதிப்பு குடுத்து ஒய் ஈக்குவல் டு எக்ஸ் ஸ்கொயர் இடத்துல நிக்கச் சொல்லுங்க. இன்னொரு ஏழு பேர் ஒய் ஈக்குவல் டு எக்ஸ் பிளஸ் 2. மைனஸ் 1லயும் 2லயும் ரெண்டு ரெண்டு பேர் ஒரே இடத்துக்கு அடிச்சுக்குவாங்க, இது என் இடம், இல்ல என் இடம்னு. அங்க நிறுத்துங்க. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் 2 ஈக்குவல் டு பூஜ்ஜியத்தோட தீர்வு அந்த ரெண்டு இடம்தான். பரீட்சையில ஏன் ஒய் ஈக்குவல் டு எக்ஸ் ஸ்கொயர்ல இருந்து இந்தச் சமன்பாட்டைக் கழிச்சு நேர்கோடு வரையறோம்னு அன்னைக்குத்தான் பல பேருக்குப் புரியும். 40 நிமிஷ பீரியட்ல முடியணும்னா அச்சை முந்தின பீரியட்லயே போட்டு வைங்க. மத்த பசங்க கையில கிராஃப் ஷீட் இருக்கணும், சும்மா நிக்கக் கூடாது.

வகுப்புல என் ஒரு செல்போன்தான், ஜியோஜீப்ரா (கிராஃப் வரையற ஆப்) காட்டலாமா?

ஒரு போனை 40 பேர் பாக்க முடியாது, வேண்டாம். ஹைடெக் லேப் இருந்தா ஒய் ஈக்குவல் டு ஏஎக்ஸ் ஸ்கொயர் போட்டு ஏ ஸ்லைடரை 1ல இருந்து மைனஸ் 1க்கு இழுங்க, பூஜ்ஜியத்துல என்ன ஆகும்னு இழுக்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க.

"டிரிக்னாமெட்ரி எதுக்கு உதவும்"னு பசங்க கேக்கறாங்க. இன்ஜினியரிங், விண்வெளினு சொன்னா கொட்டாவி விடறாங்க.

விண்வெளிக்கு ஏன் போறீங்க, பரங்கிமலைக்குப் போங்க. 1802ல வில்லியம் லாம்டன்ங்கற ஆங்கிலேய நில அளவை அதிகாரி அங்க இருந்து ஏழரை மைல் நீளத்துக்கு, நம்ம கணக்குல சுமார் 12 கிலோமீட்டர், ஒரு அடிக்கோட்டை எஃகு சங்கிலி வச்சு அளந்தார். அந்த ஒரு நீளத்தை வச்சு முக்கோணத்துக்கு மேல முக்கோணமா கோணத்தை அளந்துதான் பெரிய முக்கோணவியல் அளவீடு இமயமலை வரைக்கும் போச்சு. அரை டன் எடை தியோடலைட்டை (கோணம் அளக்கற கருவி) தூக்கிட்டுப் போனாங்க. 1808ல தஞ்சாவூர் பெரிய கோவில்ல கயிறு கட்டி மேல ஏத்தும்போது அது மோதி உடைஞ்சுபோச்சு, லாம்டனே வாரக்கணக்குல உக்காந்து அதைச் சரி பண்ணார். இதைச் சொல்லிப் பாருங்க, கொட்டாவி வராது.

சொன்னதோட விடாம செய்ய வைங்க. மைதானத்துல 10 மீட்டர் அடிக்கோடு, காம்பவுண்டுக்கு வெளிய இருக்கற தண்ணி டேங்கை ரெண்டு முனையில இருந்தும் பாத்து கோணம் எடுக்கணும். பெரிய பாகைமானிய அட்டையில வரைஞ்சு ஸ்டூல் மேல வச்சாலே போதும். சைன் விதி 11ஆம் வகுப்புலதான் வருது, அதனால கணக்குப் போட வேண்டாம், 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்னு ஸ்கேல் படம் வரைஞ்சு தூரத்தைப் படிக்கட்டும். டேங்க் ரொம்ப தள்ளி இருந்தா ரெண்டு கோடும் ஏறக்குறைய இணையா போய் படம் பேப்பரை விட்டு வெளிய ஓடும், அப்ப அடிக்கோட்டை 20 மீட்டரா நீட்டி ஸ்கேலையும் சின்னதாக்கிடுங்க. டேங்க் எவ்வளவு தூரம்னு ஊகத்தை எழுதி வாங்கிட்டுத்தானே மைதானத்துக்கு கிளம்பினீங்க?