நம் நோயாளிகளின் தோலும் நெஞ்சும்: கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாமாண்டு மாணவி. தோல், நுரையீரல், இதயப் பரிசோதனைகளை வகுப்பில் படித்துவிட்டு வார்டுக்குச் சென்றால், புத்தகம் சொல்லும் வெளிறலும் நீலம் பாரித்தலும் நம் நோயாளிகளின் தோலில் எனக்குத் தெரிவதில்லை. ஸ்டெதஸ்கோப்பில் எல்லா நெஞ்சும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது. எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதய ஸ்கேன்) இருக்கும்போது நர்ஸ் இதைச் செய்யத்தான் வேண்டுமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கண்ணில் குறையில்லை. பாடநூல் விவரணைகள் பல, வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கறுத்த தோலில் நிறமி குறைந்த இடங்களைத் தேடிச் செல்ல வேண்டும்: வெளிறலுக்குக் கீழிமையின் உட்புறமும் உள்ளங்கையும், காமாலைக்கு வெண்விழி, நீலம் பாரித்தலுக்கு நாக்கும் உதட்டின் உட்புறமும். இவற்றை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் மஞ்சள் மறைந்துவிடும்.

நீலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கடும் சோகையுள்ள ஒருவரிடம் மொத்த ஹீமோகுளோபினே 6 கிராம்தான் இருக்குமானால், அவர் மூச்சுக்குத் திணறும்போதுகூட நீலம் தென்படாமல் போகலாம். நம் வார்டுகளில் சோகை எவ்வளவு பரவலானது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் முழுதாக நம்பிவிட முடியாது; அது கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது, வெள்ளையரிடம் தவறவிடுவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படுக்கைப்புண்ணின் தொடக்கச் சிவப்பும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். அங்கே கண்ணைவிடக் கை உதவும்: முதுகின் அடியிலும் குதிகாலிலும் புறங்கையை வைத்து, சுற்றியுள்ள தோலைவிட அவ்விடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, இறுகியோ கொழகொழத்தோ இருக்கிறதா என்று உணர்ந்து பாருங்கள்.

ஒப்பிடுவதுதான் இந்தப் பரிசோதனை முழுவதற்கும் அடிப்படை என்று நான் நம்புகிறேன். நுரையீரலில் வலப்பக்கம் ஓரிடத்தில் கேட்டால் உடனே இடப்பக்கம் அதே உயரத்தில் கேட்க வேண்டும். ஒருபக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் காது மறந்துவிடும். நோயாளி வாயைத் திறந்து ஆழமாக மூச்சுவிடட்டும். துணியின் மேல் வைத்துக் கேட்காதீர்கள், துணி உரசும் ஒலி, நோயுற்ற நுரையீரலில் கேட்கும் கிராக்கிள்ஸ் என்ற பொரிபொரிப்பு ஒலி போலவே கேட்கும். திரையை இழுத்து, அனுமதி கேட்டு, தோலின் மேல் வையுங்கள். நுரையீரலின் கீழ்ப்பகுதிகளான கீழ்மடல்கள் பெரும்பாலும் முதுகுப்புறமே கேட்கும் என்பதால், எழ முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாவது முதுகைக் கேட்டாக வேண்டும். ஆஸ்துமா நோயாளியிடம் வீசிங் என்ற விசில் போன்ற மூச்சொலி மறைந்து நெஞ்சு அமைதியானால், அவர் தேறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். களைத்த நிலையில் காற்றே உள்ளே போகாத அமைதியாக அது இருக்கலாம், உடனே மருத்துவரை அழையுங்கள்.

இதயத்தில், முதலில் மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டைக் கண்டுபிடியுங்கள். இரண்டாம் விலா அங்கேதான் சேர்கிறது, அதிலிருந்து விலாக்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை எண்ணிவிடலாம். கழுத்து நாடியில் விரல் வைத்துக்கொண்டு கேட்டால், இதயத்தின் இரண்டு ஒலிகளில் துடிப்போடு சேர்ந்து வருவது முதல் ஒலி என்று தெளியும். மர்மருக்கு (இதய ஒலிகளுக்கிடையே கேட்கும் கூடுதல் இரைச்சலுக்கு) பெயர் சூட்ட இப்போது அவசரப்பட வேண்டாம். இடப்பக்க ஐந்தாம் இடைவெளியில், இதய நுனியில், ஒரு முழு நிமிடம் எண்ணப் பழகுங்கள்; அதே நிமிடத்தில் தோழி ஒருவர் மணிக்கட்டில் எண்ணட்டும். இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரிடம் நுனியில் எண்ணியதைவிட மணிக்கட்டு எண்ணிக்கை குறையும். பெரியவர்களுக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தான டிகாக்ஸின் கொடுக்குமுன் நுனித்துடிப்பு 60-க்குக் கீழிருந்தால், மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்பது நர்ஸின் பொறுப்பு.

எக்கோவும் எக்ஸ்ரேயும் எடுத்த நேரத்து நிலையையே காட்டும். அதன்பின் இரவு இரண்டு மணிக்கு நோயாளியிடம் நேரும் மாற்றத்தை அருகிலிருக்கும் நர்ஸ்தான் அறிய முடியும். அதற்கு மாலையில் அவர் எப்படியிருந்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே குறிப்பேட்டில் ‘நார்மல்’ என்று எழுதாமல், ‘வலது அடிப்பகுதியில் மூச்சொலி குறைவு’ என்பதுபோல் கேட்டதையே நேரத்தோடு எழுதுங்கள். விடுதியில் தோழிகளின் நெஞ்சை நிறையக் கேளுங்கள். இயல்பான ஒலி காதில் படிந்த பிறகுதான் வார்டில் வேறுபாடு புலப்படும்.

அன்புடன்.