“நீயும் அப்படியா?” – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் ஒருவனை, அவன் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று சொல்லி ஓயாமல் கேலி செய்கிறார்கள். நோட்டில் அசிங்கமாக எழுதிவைக்கிறார்கள், போகிறபோக்கில் இடிக்கிறார்கள். நானும் இரண்டு நண்பர்களும் தட்டிக்கேட்க நினைக்கிறோம். வாயைத் திறந்தால் “நீயும் அப்படியா?” என்பார்கள். அதுதான் பயம். (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் கேள்விக்கு “ஐயோ, நான் அப்படியில்லை” என்று நீங்கள் பதறினால், அப்படி இருப்பது இழிவு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவனுக்காகப் பேசியது அவன் காதில் விழாது, அந்தப் பதற்றம் மட்டும்தான் விழும். “இருந்தால் என்ன?” என்று கேளுங்கள். அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம்.

2007இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், இளஞ்சிவப்புச் சட்டை போட்டு வந்த 9ஆம் வகுப்பு மாணவன் ஒருவனை இதே பெயர் சொல்லித்தான் மிரட்டினார்கள். டேவிட் ஷெப்பர்ட், டிராவிஸ் பிரைஸ் என்ற 12ஆம் வகுப்பு மாணவர்கள் கடைக்குப் போய் 50 இளஞ்சிவப்புச் சட்டைகள் வாங்கிவந்து பள்ளியில் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கும் தகவல் அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் அந்த நிறத்தில் வந்து நின்றார்கள். அந்தச் சட்டைகள் எதையும் மறுக்கவில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

மூன்று பேரால் என்ன ஆகும் என்று தயங்காதீர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துச் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. சக மாணவர்கள் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை, பத்தே நொடிக்குள் சீண்டல் நின்றுபோனது. அவர்கள் உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள். சீண்டுபவனுக்குச் சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு வேண்டும். மூன்று பேர் சிரிக்காமல், கேலிக்கு ஆளாகிறவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே போதும், அந்த இடம் மாறும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவனிடம் பேசுங்கள். நாங்கள் என்ன செய்தால் உனக்கு நல்லது என்று கேளுங்கள். கூட்டத்தில் தனக்காக ஒருவர் சண்டை போடுவதை அவன் விரும்பாமலிருக்கலாம். அவன் யார் என்று மட்டும் துருவாதீர்கள். அவனாகச் சொன்னால் அது உங்களோடு இருக்கட்டும்.

இடிப்பது அடியாக மாறினால் தேதி போட்டு எழுதிவைத்து, நம்பிக்கையான ஆசிரியரிடம் மூவரும் சேர்ந்து போங்கள். தட்டிக்கழித்தால் அடுத்தவரிடம் போங்கள். தெரிந்தும் கண்டுகொள்ளாத பள்ளி நிர்வாகிகளைப் பொறுப்பாக்கலாம் என்று 1996லேயே ஜேமி நபோஸ்னி என்ற மாணவரின் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: கேலியைப் பற்றிப் பேசலாம், ஆனால் அவன் சம்மதம் இல்லாமல் அவன் வீட்டில் வேறு எதையும் சொல்லக் கூடாது.