தலையை எண்ணாதீர்கள், வசனத்தை எண்ணுங்கள்

கே: வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் காதல் நகைச்சுவைப் படங்களில் இப்போது எல்லா இனத்தவரும் வருகிறார்கள். அப்படியும் ‘பிரதிநிதித்துவம் போதாது’ என்று உங்கள் விமர்சகர் எழுதுவது குதர்க்கம் இல்லையா?

ப: தலையை எண்ணினால் குதர்க்கம்தான். வசனத்தை எண்ணிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

இந்தப் படங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த நாயகிக்கு ஓர் உள்ளூர்த் தோழி கட்டாயம் இருப்பாள். வழி சொல்வாள், மொழிபெயர்ப்பாள், நாயகி அழுதால் தேற்றுவாள். அவளுக்கு வீடு, கடன், காதல் ஏதாவது உண்டா? திரைக்கதையை எடுத்து, நாயகனும் நாயகியும் இல்லாமல் அவள் தோன்றும் காட்சிகளை மட்டும் பென்சிலால் கட்டம் கட்டுங்கள். பெரும்பாலும் பென்சிலுக்கு வேலை இருக்காது.

அடுத்து, சிரிப்பு. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் ஓரத்தில் இரண்டு பெயர் எழுதுங்கள்: அடித்தவர் யார், அடிபட்டவர் யார். உள்ளூர்க்காரர் நாயகனின் மொழியில் தடுமாறினால் அரங்கம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. நாயகன் உள்ளூர் மொழியில் தடுமாறினாலோ அது குழந்தைத்தனம், காதலுக்கு முதல் படி! தடுமாற்றம் ஒன்றுதான்; தராசுதான் வேறு.

1985இல் அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் அலிசன் பெக்டெல் தன் சித்திரக்கதையில் ஒரு சோதனை வைத்தார்: படத்தில் இரண்டு பெண்களாவது ஆணைப் பற்றி அல்லாமல் தங்களுக்குள் பேசுகிறார்களா? அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளூர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரரைப் பற்றி அல்லாமல், தங்கள் மொழியில் பேசுகிறார்களா? பேசினாலும் திரையின் கீழே ‘வேற்று மொழியில் பேசுகிறார்’ என்று மட்டும் ஓடினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த மொழி தெரிந்தவர் திரைக்கதையின் முதல் வரைவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எடிட்டிங் முடிந்தபின் ஆலோசகரைக் கூப்பிட்டால் அவரால் தொட முடிவது டப்பிங்கும் சப்டைட்டிலும்தான். காட்சியை மாற்ற மறுபடப்பிடிப்பு வேண்டும். அதற்குத் தயாரிப்பாளர் பணம் தரமாட்டார்.

நீங்கள் சொல்லும் ‘எல்லா இனத்தவரும்’ என்பது எந்த ஊர்க் கணக்கு என்பதும் முக்கியம். 2018இல் வந்த ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ படத்தை அமெரிக்காவில் ஆசியர்களுக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடினார்கள். நியாயம்தான், ஹாலிவுட்டில் அவர்கள் சிறுபான்மை. கதை நடக்கும் சிங்கப்பூரிலோ சீனர்கள் ஏறக்குறைய முக்கால்வாசி. அங்கே சிறுபான்மையினரான மலாய்க்காரர்களும் (13.5%) இந்தியர்களும் (9%) காவலாளிகளாகவும் பணியாளர்களாகவும் ஓரத்தில் வந்துபோனார்கள் என்று அந்த ஊர்க்காரர்களே எழுதினார்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே படம் ஓர் ஊரில் கதவைத் திறக்கிறது, இன்னோர் ஊரில் சாத்துகிறது.

இன்னொன்று, உங்கள் கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. ‘வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்’ என்றால் இந்தப் படங்களுக்குக் கண்ணாடிக் கட்டடத்தில் கோட்டுப் போட்டவர் மட்டும்தான். அதே கட்டடத்தைக் கட்டியவரும், கோட்டுப் போட்டவரின் வீட்டைத் துடைப்பவரும் வெளிநாட்டவர்தானே? எல்லோருக்கும் காதல் வரும், சட்டம்தான் வேறு. சிங்கப்பூரில் ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ என்ற உயர்பதவி வேலை அனுமதி வைத்திருக்கும் அதிகாரி உள்ளூர்க் குடிமகளைத் தன் விருப்பப்படி மணக்கலாம். ‘ஒர்க் பர்மிட்’ என்ற தொழிலாளர் அனுமதியில் இருப்பவர் அதே திருமணத்துக்கு மனிதவள அமைச்சகத்தின் அனுமதி வாங்க வேண்டும், ஊருக்குத் திரும்பிவிட்டாலும் அந்த விதி விடாது.

திரையில் காதலுக்குத் தடை பெரும்பாலும் மாமியாரும் பண்பாடும்தான். விசா தடையாக வருவது அபூர்வம். கடைசி ரீலில் நாயகன் விமான நிலையத்துக்கு ஓடுவதை எத்தனை முறை பார்ப்பது? அமைச்சகத்தின் பதிலுக்காக இருவர் காத்திருப்பதில் பதற்றமும் அதிகம், சிரிப்பும் அதிகம். அதை எழுதத்தான் ஆளைக் காணோம்.