விண்டேஜ் போர்ட்: வண்டலும் சுவையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ச்சுகலில் வேலை பார்க்கும் என் அண்ணன் 1994ஆம் ஆண்டின் விண்டேஜ் போர்ட் ஒயின் ஒரு புட்டி கொண்டுவந்தார். வந்த அன்றே திறந்தோம். கலங்கலாகவும், நாக்கில் நெருடுவதாகவும், ஒரே இனிப்பாகவும் இருந்தது. இதற்கா இத்தனை புகழ்?

வாசகர் ஒருவர்

அன்புள்ள வாசகருக்கு,

நாக்கில் நெருடியது வண்டல். அதைக் குறையாக எண்ண வேண்டாம். போர்ச்சுகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரே ஆண்டில் விளைந்த திராட்சையிலிருந்து உருவாகும் விண்டேஜ் போர்ட், இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே பீப்பாயில் இருந்துவிட்டு, வடிகட்டப்படாமல் புட்டிக்குப் போகிறது. பிறகு பல பத்தாண்டுகள் அங்கேயே முதிர்கையில், நிறப்பொருளும் துவர்ப்புப்பொருளும் ஒன்றுசேர்ந்து அடியில் படிகின்றன. பயணத்தில் குலுங்கிய புட்டியைச் சில நாட்களாவது நிமிர்த்தி வைத்திருந்து, கழுத்துக்குப் பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு, வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு மெல்லச் சாய்த்து, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்திவிட வேண்டும்.

இனிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திராட்சையின் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி நொதித்ததும் 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவதால், மீதிச் சர்க்கரை அப்படியே தங்குகிறது. ஆல்கஹாலும் 20 சதவீதம் அளவுக்கு உயர்கிறது. மலிவான ரூபி போர்ட்டிலும் இதே இனிப்பு உண்டு. ஆகவே இனிப்பைக் கொண்டு தரத்தை அளக்க முடியாது. அந்த இனிப்பைப் புளிப்பும் துவர்ப்பும் தாங்கி நிற்கின்றனவா, சாராயத்தின் காரம் தனியே துருத்திக்கொண்டு தொண்டையைச் சுடுகிறதா, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நீள்கிறது என்பவையே நான் முதலில் பார்ப்பவை. இளம் போர்ட் மைபோலக் கறுத்திருக்கும். முப்பதாண்டு கடந்ததில் விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறி, பழ வாசனையோடு உலர்ந்த அத்தியும் புகையிலையும் கலந்து வரும்.

1994 சிறந்த ஆண்டுதான். டெய்லர், ஃபொன்சேகா ஆகிய இரு நிறுவனங்களின் அவ்வாண்டு போர்ட்களை ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ இதழ் 1997இல் ஆண்டின் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் ஆண்டின் பெருமை ஒவ்வொரு புட்டிக்கும் உத்தரவாதமாகாது என்பதே என் உறுதியான எண்ணம். வெப்பத்தில் கிடந்த புட்டி எந்த ஆண்டினதானாலும் பாழ்தான், நனைந்த அட்டையின் வாசனை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது.

இன்னொரு புட்டி கிடைத்தால், குடுவைக்கு மாற்றி ஓரிரு மணி நேரம் கழித்துச் சுவைத்துவிட்டு எழுதுங்கள். இந்த வயதுடைய போர்ட் திறந்த இரண்டொரு நாளில் மணம் இழக்கத் தொடங்கும் என்பதால், பகிர்ந்துகொள்ள நண்பர்களையும் அழைத்துக்கொள்வது நல்லது.