மகளின் கணினிப் பாதுகாப்பு ஆசையும் ஒரு அம்மாவின் கவலையும்

வணக்கம் அம்மா. மொரீசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். எச்எஸ்சி முடித்த மகள் அலுவலகக் கணினிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். அது கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைதானே என்று கேட்கிறீர்கள். அது வேறு, இது வேறு.

எபேனில் இருநூறு கணினிகள் உள்ள ஒரு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எத்தனை முறை தவறாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும், அட்மின் உரிமை யாருக்கு என்பதையெல்லாம் ஒவ்வொரு மேஜையாகப் போய் அமைக்க முடியாது. விண்டோஸ் அலுவலகங்களில் ஆக்டிவ் டைரக்டரி இருக்கும்; அலுவலகத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் பட்டியல் அது. அங்கே குரூப் பாலிசி என்ற விதித்தொகுப்பில் ஒருமுறை விதியை எழுதிவிட்டால், கணினிகள் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே வந்து எடுத்துக்கொள்ளும்.

எழுதிய விதி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்தான் ஆளின் திறமை தெரியும். கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த கணினியை டைரக்டரியில் உரிய இடத்தில் சேர்க்க மறந்திருப்பார்கள். அந்த இடத்துக்கென எழுதிய விதி அதற்குப் போகவே போகாது, திரையிலும் எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு கணினியில் எந்த விதிகள் ஏறியிருக்கின்றன என்று காட்டும் 'ஜிபிரிசல்ட்' கட்டளை கொடுத்து, ஏறியிருக்கும் பாலிசிகளை வரிவரியாகப் படிப்பவர் கண்ணில்தான் அது படும். போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீம்பொருள் உலகத்தையே உலுக்கியது நினைவிருக்கும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. உங்கள் மகளுக்கு இந்தப் பொறுமை உண்டா? அரிசியில் கல் பொறுக்கும் பொறுமை வேண்டும்.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. தனிநபர் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைக் காக்க வேண்டும் என்பது கட்டாயம். அதனால் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது.

அப்புறம், பெரிய பணம் கட்டிச் சான்றிதழ் படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். 16 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப் போதும். ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், மற்ற கணினிகளை நிர்வகிக்கும் விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைக்காகச் சும்மாவே போட்டுப் பார்க்கலாம். ஒரு சர்வர், இரண்டு கணினி என்று அதற்குள்ளேயே சின்ன அலுவலகம் கட்டட்டும். ஒன்று மட்டும் கவனம்: விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் கணினிக் குழுவில், சேராது; என்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பை எடுக்க வேண்டும். அவள் பார்க்காத நேரத்தில் தம்பியோ தோழியோ ஒரு செட்டிங்கை மாற்றி வைக்கட்டும். எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதட்டும். மூன்று மாதம் சலிக்காமல் செய்தாள் என்றால் தைரியமாக ரெடுயியில் மொரீசியஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். பிரெஞ்சை விட்டுவிட வேண்டாம். மேலாளருக்கு அறிக்கை எழுத அதுவும் வேண்டும்.

இரவு வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். சில நாள் வரும், மறைக்க மாட்டேன். பெரிய மாற்றங்களை எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் செய்வார்கள். திரும்பி வர நிறுவனம் வண்டி தருமா என்று இன்டர்வியூவிலேயே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.