கடன் வாங்கிக் கழித்தல்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2022இல் தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். இப்போது அது இல்லை. ஆனாலும் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். ‘பெரிய சேவைம்மா’ என்று பக்கத்து வீடுகளில் சொல்லும்போது கூச்சமாக இருக்கிறது. என் சந்தோஷத்துக்காகத்தானே செய்கிறேன்? இது தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தவறே இல்லை. கூச்சத்தை விடுங்கள்.

நானும் வேலை முடிந்து வந்து, வாரம் மூன்று நாள் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாலாம் வகுப்புப் பெண்ணிடம் 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னேன். ‘இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று, எனக்குச் சொல்லித் தந்தபடியே சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஒண்ணுதானே வாங்கினோம், எப்படி சார் பத்தாச்சு? திருப்பிக் குடுக்க வேண்டாமா?”

அவள் வீட்டுக்கு வாரா வாரம் தவணை வசூலிக்க ஆள் வருவார். கடன் என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

மறுநாள் பத்து ரூபாய்த் தாள் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டும் கொடுத்து, “எனக்கு 27 ரூபாய் கொடு” என்றேன். எண்ணிப் பார்த்தாள். ஒரு தாளை என்னிடம் நீட்டி, “இதுக்குச் சில்லறை குடுங்க” என்றாள். அப்புறம் இரண்டு தாள், ஏழு காசு என் கையில் வைத்தாள். அவளிடம் இரண்டு தாள், ஐந்து காசு.

“இது கடனே இல்ல சார், சில்லறை மாத்துறது!”

ஐம்பத்திரண்டு கடைசிவரை ஐம்பத்திரண்டாகவே இருந்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்தல் போட்ட எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது. அன்று இரவு படுத்த பிறகும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் சேருமாம். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். அந்த அரைப் பங்கைத்தான் உங்கள் ஏழு பேரும் தினமும் தருகிறார்கள். அதை வாங்கிக்கொள்ள என்ன தயக்கம்?

ஒன்று மட்டும். மனசு சரியில்லாத நாளிலும் போய்விடுங்கள். பிள்ளைகள் பையோடு வந்து காத்திருப்பார்கள்.

அந்தப் பெண் இப்போது ஏழாம் வகுப்பு. பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு அதை எப்படி விளக்கினீர்கள்? எழுதுங்கள்.