குப்பைக் கிடங்கின் அருகில் உள்ள கிணற்று நீர் சோதனையில் எல்லாம் வரம்புக்குள் வந்தால், மாசு இல்லை என்று கொள்ளலாமா?

கிடங்கிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள உங்கள் கிணற்று நீரை ஒரு முறை சோதித்ததில் எல்லா அளவுகளும் குடிநீர் வரம்புக்குள் இருந்ததாகவும், அதை வைத்துக் கிடங்கால் பாதிப்பில்லை என்று முடிவு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவு செய்ய முடியாது. சோதித்த பொருட்களைப் பொறுத்தவரை, மாதிரி எடுத்த நாளில் நீர் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை. நிலத்தடி நீர் மாதிரி சேகரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இத்தகைய அறிக்கையைக் கையில் வாங்கியதும் நான் முதலில் கேட்பது, நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான்.

லீச்சேட் எனப்படும் கழிவுச்சாறு, குப்பையின் ஊடே இறங்கும் மழைநீரில் கரைந்து வருவது; அது நிலத்தடி நீரை அடைந்தபின் அந்நீரோட்டத்தின் போக்கிலேயே செல்லும். இந்தப் போக்கை அறிய, ஒரே நேர்கோட்டில் அமையாத குறைந்தது மூன்று கிணறுகளின் குழாய் விளிம்பு உயரத்தைப் பொதுவான மட்டத்திலிருந்து அளந்து வைத்துக்கொண்டு, நீர்மட்டத்தை ஒரே நாளில் பார்க்க வேண்டும். தரையின் சரிவை மட்டும் பார்த்து ஊகிப்பது ஆபத்தானது. பக்கத்தில் நாள் முழுவதும் ஓடும் ஆழ்துளைக் கிணறு ஒன்றே ஓட்டத்தைத் தன் பக்கம் திருப்பிவிடக்கூடும். 1999ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியக் குப்பைக் கிடங்கு நெறிமுறை, நீர் உள்வரும் பக்கத்தில் ஒன்றும் வெளியேறும் பக்கத்தில் இரண்டுமாகக் கண்காணிப்பு இடங்கள் வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்ச அளவு மட்டுமே. பெரிய கிடங்குக்கு நிச்சயமாகப் போதாது. உங்கள் கிணறு நீர் உள்வரும் பக்கத்தில் இருந்தால், அது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கிடங்கைப் பற்றிய சான்றாகாது. அதற்காக அந்தப் பக்கம் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது: அடியில் தடுப்பு விரிப்பு இல்லாத பழைய கிடங்குகளின் கீழ் நீர்மட்டம் மேடுபோல உயர்ந்து நாலாபக்கமும் பரவுவதுண்டு, கிடங்கு வாயுவோடு சேர்ந்து ஆவியாகும் கரைப்பான்கள் எதிர்த்திசைக் கிணற்றையும் எட்டுவதுண்டு.

அடுத்தது வேகம். நீர் கடத்தும் திறன் நாளொன்றுக்கு 10 மீட்டராகவும், நீர்மட்டச் சரிவு 1000 மீட்டருக்கு 5 மீட்டராகவும், பயனுறு நுண்துளை அளவு, அதாவது நீர் ஓடக்கூடிய இடைவெளிகளின் பங்கு, 25 விழுக்காடாகவும் உள்ள மணற்பாங்கான நிலத்தில் நீர் நாளுக்கு 20 சென்டிமீட்டர், அதாவது ஆண்டுக்கு 73 மீட்டர் நகரும். கிடங்கில் இன்று கசியத் தொடங்கும் சாறு உங்கள் கிணற்றை எட்ட ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும் என்பது இதன் பொருள். களிமண்ணில் இன்னும் மிக மெதுவாகும். வெடிப்புகள் நிறைந்த பாறையிலோ கணக்கே மாறிவிடும்.

முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குளோரைடுதான், ஏனெனில் அது மண்ணில் ஒட்டாமல் நீரோடு செல்லும். அம்மோனியத்தைக் களிமண் பிடித்துவைப்பதால் அது பிந்தி வரும். லிட்டருக்கு 30 மில்லிகிராமாக இருந்த குளோரைடு சில ஆண்டுகளில் 90 ஆகிவிட்டால், சுவை மாறத் தொடங்கும் 250 மில்லிகிராமுக்கு வெகு கீழே இருந்தாலும், எனக்கு அது எச்சரிக்கைதான். கழிவறைத் தொட்டியும் கடல்நீரும்கூட குளோரைடைக் கூட்டும் என்பதால், பொட்டாசியம், காரத்தன்மை, அம்மோனியா ஆகியவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரும்பு கூடினால், கிடங்கில் துருப்பிடித்த தகரத்திலிருந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது அந்த மண்ணிலேயே இருந்த இரும்பு. கழிவுச்சாறு நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் கரைந்து வெளியேறுகிறது. ஆர்செனிக்கும் இதே வழியில் வரக்கூடும்.

மாதிரி எடுத்த விதம் சரியில்லையென்றால் ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. குழாயில் தேங்கிய பழைய நீரை எடுத்துவரக் கூடாது. மெதுவாக இறைத்து, அடுத்தடுத்த மூன்று அளவீடுகளில் அமிலகாரக் குறியீடு (pH) 0.1க்குள்ளும், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் 3 விழுக்காட்டுக்குள்ளும் நிலைத்த பிறகே புட்டியை நிரப்ப வேண்டும். கலங்கிய நீரை வடிகட்டாமல் அமிலம் சேர்த்தால், களிமண் துகளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, நீரில் இல்லாத ஈயம் அறிக்கையில் தோன்றும். ஆவியாகும் கரைப்பான்களுக்கான 40 மில்லிலிட்டர் குப்பியை விளிம்புக்கு மேல் நீர் குமிழ்ந்து நிற்கும்வரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்போம்; காற்றுக்குமிழி ஒன்று மேலேறினால் அதைக் கொட்டிவிட்டு வேறொரு குப்பியை நிரப்புவோம்.

கிடங்கை நடத்துபவர்களிடம் கண்காணிப்புக் கிணறுகளின் வரைபடத்தையும் பழைய அளவீடுகளையும் எழுத்துமூலம் கேளுங்கள். கிடங்கு மூடப்பட்டிருந்தாலும் கேட்கலாம். அமெரிக்க விதிமுறையில் மூடிய பிறகும் பொதுவாக 30 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். உங்கள் கிணற்றை மழைக்காலத்தை அடுத்தும் கோடையின் உச்சத்திலும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் சோதியுங்கள். இடையிடையே மின்கடத்துத்திறனை ஒரு கைக்கருவியால் நீங்களே பார்த்துத் தேதியோடும் நீர்மட்டத்தோடும் குறித்துவாருங்கள். மின்கடத்துத்திறன் விடாமல் ஏறத் தொடங்கினால், அடுத்த முறைக்குக் காத்திராமல் குளோரைடு, அம்மோனியா, கரைப்பான்கள் மூன்றையும் உடனே பார்த்துவிடுங்கள்.